அடைகோழியும் ஒரு நாழித் தவிடும்

வாத்து அடை கிடக்காது. நான் பார்த்த வாத்து எதுவும் கிடந்ததில்லை. விடியுமுன் நின்ற இடத்தில் முட்டையைப் போட்டுவிட்டு, அது என்ன ஏது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் குளத்தில் இறங்கிவிடும். காட்டு வாத்துக்கு அந்தப் புத்தி உண்டு, கூடு வைத்து இருந்து பொரிக்கும் என்பார்கள். மனிதர் கையில் வளர்ந்ததற்கு அது எப்போதோ விட்டுப்போயிற்று. அதனால் வாத்து வளர்க்கிறவர்கள் அடைகோழி இருக்கிற வீட்டைத் தேடி வந்துதான் ஆக வேண்டும். வாத்துக்காரி அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

எங்கள் வீடு கருங்கல் ஊருக்குத் தெற்கே, ஒரு குளத்தின் கரையை ஒட்டி. கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம் அது. குளத்தின் எதிர்க்கரையில் அவளும் அவள் மாப்பிள்ளையும் ஓலைக்குடிசை போட்டுக்கொண்டு வாத்துக்கூட்டத்தோடு இருந்தார்கள். அவள் வந்தபோது இடுப்பில் ஒரு பெண்பிள்ளை, தலையில் ஓலைப்பெட்டி. பெட்டிக்குள் உமியில் முட்டைகள்.

"எக்கா, உங்க சாம்பக்கோழி அடைக்கு நிக்குதுன்னு கேட்டேன். இதை வைப்பியளா? பொரிச்சா பாதிக்குப் பாதி."

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பெரிய முட்டையாக இருக்கிறதே, கோழி கண்டுபிடித்துக் கொத்தி உடைத்துவிட்டால் என்ன செய்ய என்று கேட்டேன்.

"கோழிக்கு எண்ணத் தெரியாது, நெறம் தெரியாது. சூடு குடுக்க மட்டுந்தான் தெரியும். அதுக்கு வயித்துக்கடியில உருண்டையா என்னமாவது இருந்தாப் போரும்," என்றாள். பிறகு ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னாள். "தெனமும் வெயில் ஏறினதும் முட்டைமேல கொஞ்சம் தண்ணி தெளிக்கணும். கோழிமுட்டைய நனைக்கப்பிடாது. வாத்துமுட்டைய நனைக்காம இருக்கப்பிடாது. தள்ளைவாத்து இருந்து பொரிச்சா, குளத்துல முங்கி ஈரத்தோட வந்துல்லா இருக்கும். அந்த ஈரம் வேணும் அதுக்கு."

தள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் தாய். கோழியாக இருந்தாலும் மாடாக இருந்தாலும் தள்ளைதான்.

நான் தண்ணீர் தெளித்தேன். ஒரு நாள் அதிகமாகத் தெளித்துவிட்டேனோ என்று பயந்து, மறுநாள் குறைத்து, குறைத்ததற்காகவும் பயந்தேன். குஞ்சுகள் பொரித்து வந்து ஒரு வாரத்துக்குள் வரிசையாகக் குளத்தில் இறங்கின. கோழி கரையில் நின்று கத்தியது. தண்ணீரில் ஒரு கால் வைக்கும், எடுக்கும். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடும். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கல்லில் உட்கார்ந்து சிரித்தார்கள். "பிள்ளைய நீச்சலுக்கு விட்டுட்டு கெடந்து சாகுதா பாரு," என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். என் தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். மூன்றாவது.

எங்கள் அம்மை தங்கச்சியைப் பெற்ற மறுநாள் போய்விட்டாள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அத்தோடு சிலேட்டை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். ஆட்டுப்பாலைத் துணித்திரியில் நனைத்து அவள் வாயில் வைத்தது முதல் எனக்கு இந்தப் பயம் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கு என்று பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும், எனக்கு மூத்த பிள்ளை அவள்தான்.

அவளைக் கட்டிக்கொடுத்த இடம் குறை சொல்ல முடியாதது. மாப்பிள்ளைக்கு மலையில், கீரிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் வேலை. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து அவளை அங்கே கூட்டிப் போகாமல் எங்கள் வீட்டிலேயே விட்டிருந்தார். முதல் பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லை. இரண்டாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்து அடுத்த ஞாயிறு பார்க்கவில்லை. இரண்டு தடவையும் நான் தோவாளைப் பூக்காரியிடம் மல்லிகை வாங்கினேன். குடிக்கப் பிள்ளை இல்லாத நெஞ்சில் மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுகக் கட்டினால் பால் வற்றும். அந்த வாசனை அறை முழுக்க இருக்கும். அதற்குப் பிறகு அவள் தலையில் பூ வைத்ததில்லை.

மூன்றாவது முழுகாமல் இருந்த மாதங்களில் அவள் பேச்செல்லாம் ஜீவன்களைப் பற்றியே இருந்தது. எது எப்படிப் பெறுகிறது, எது எப்படிக் காக்கிறது. தேங்காய்த் தொண்டு அள்ளும்போது கருந்தேள் ஒன்று வெள்ளைக் குஞ்சுகளை முதுகு நிறைய ஏற்றிக்கொண்டு நடந்ததை, அடிக்க விடாமல் உட்கார்ந்து பார்த்தாள். வௌவால் குட்டியை நெஞ்சில் ஒட்டவைத்தே பறக்கிறது என்று எனக்குக் காட்டினாள். அந்த மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குக் கடைகள் பார்க்கப் போனோம். நாங்கள் கிறிஸ்தவச் சபைக்காரர்கள்தான், ஆனாலும் கொடைக்கடை பார்க்கப் போகாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. காலையில் கடற்கரையில் நின்றபோது மணலில் வண்டித்தடம் மாதிரி ஒன்று தண்ணீரிலிருந்து ஏறி வந்து, வளைந்து, திரும்பத் தண்ணீருக்கே போயிருந்தது. ஆமை முட்டையிட்டுப் போன தடம் என்றார் ஒரு வலைக்காரர். குழி தோண்டி, நூற்றுக்கணக்கில் இட்டு, மணலை மூடிவிட்டுப் போய்விடுமாம். பிறகு அந்தப் பக்கமே வராதாம்.

"திரும்பிப் பாக்காதா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"எதுக்கு பாக்கணும்? பாத்தா நரி கண்டுபிடிச்சிரும். அது பாக்காததுனாலதான் அதுக்க குஞ்சு கடலுக்குப் போய்ச் சேருது," என்றார் அவர்.

அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவள் அதை வீடு வரை கொண்டுவந்தாள்.

நான் வரால் மீனைச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் குளத்தில் வரால், தள்ளையும் தந்தையும் சேர்ந்தே குஞ்சைக் காக்கும். சிவப்பாக ஒரு பந்துபோலக் குஞ்சுக்கூட்டம் மேலே மிதந்து வரும். அடியில் பெரியது இரண்டும் கூடவே வரும். எது கிட்டே வந்தாலும் பாய்ந்து கடிக்கும். "பாரு, காத்து வளக்கிறதும் உண்டுல்லா," என்றேன்.

"எக்கா, அந்தச் செவப்பைப் பாத்துத்தான் ஆளுவ தூண்டில் போடுதாவ," என்றாள். "தவளையக் குத்தி குஞ்சுக்க நடுவுல விட்டா, தள்ளை ஓடி வந்து கடிக்கும். காக்க வந்துதான் மாட்டும். அதுக்குப் பொறவு குஞ்சை எல்லாம் மத்த மீனு தின்னும். காக்காம இருந்தா ரெண்டும் பிழைச்சிருக்கும்."

அது உண்மை.

ஆனி மழையில் பிள்ளை பிறந்தான். குளத்துக்கு மேலே சாய்ந்த கிளையில் மரத்தவளைகள் சோப்பு நுரைபோலக் கூடு வைத்திருந்த நாட்கள். ஆயிரம் முட்டை ஒரு நுரையில். இவள் ஒன்றே ஒன்றுக்காக இரண்டு பகல் கிடந்தாள். பிள்ளை அணில் அளவுதான் இருந்தான். உதடு நீலம். நெஞ்சில் வைத்தால் சப்பவில்லை, தலையைத் திருப்பினான்.

பெற்றதெல்லாம் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்பது எங்கள் பக்கத்து வழக்கம். சபையில் சேர்ந்த பிறகும் எங்கள் ஆட்கள் அதை விடவில்லை. உபதேசியாருக்குத் தெரியாமல் செய்துகொள்வார்கள். பிள்ளையைச் சுளவில், நெல் புடைக்கிற முறத்தில் கிடத்தி, வேறு வீட்டுக்காரி ஒருத்தியிடம் கொடுப்பார்கள். அவள் ஒரு நாழித் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். வாசலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து, "எனக்க பிள்ளைய கொஞ்சம் வளத்துத் தாங்க" என்று சொல்லித் தருவாள். சாவு தேடி வந்தால், இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று போய்விடும். எல்லாம் முடியக் கொஞ்ச நேரம்தான் ஆகும். பெற்றவள் பிள்ளையை 'எனக்க மகன்' என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அவன் வளர்ந்து பயம் தீர்ந்ததும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து உரிமை எடுத்துக்கொள்ளலாம்.

வாங்க வந்தவள் வாத்துக்காரி. மடியில் தவிடு கொண்டுவந்தாள். சுளவை எட்டிப் பார்த்து, "இதுக்கு ஒரு நாழியா? எனக்க வாத்துக்குஞ்சு இதைவிடக் கனம். அரை நாழி குறைச்சுத் தாருங்க," என்றாள். பேரம் பேசுவதும் சடங்கில் சேர்ந்ததுதான். நான் விடமாட்டேன் என்றேன். தவிட்டைக் கொட்டினாள். சுளவை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டி, பலாமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அவள் பெண்பிள்ளை அப்போதும் குடித்துக்கொண்டிருந்ததால் அவளுக்குப் பால் இருந்தது. சும்மா வைத்துப் பார்த்திருக்கிறாள். அவன் குடித்தான்.

சத்தம் கேட்டது. சப்பிக் குடிக்கிற சத்தம். உள்ளே பாயில் கிடந்த தங்கச்சியும் கேட்டாள்.

வாத்துக்காரி எழுந்து திரும்பி வர அடியெடுத்தபோது, உள்ளேயிருந்து தங்கச்சி சொன்னாள்: "இங்க வேண்டாம். அங்ஙனயே கொண்டு போ."

"இதென்ன பேச்சு," என்றாள் வாத்துக்காரி. "நான் வளத்துத் தாங்கன்னு சொல்லணும்லா."

"கொண்டு போ மக்கா. அங்க குடிக்கான்லா. இருக்கட்டு. இருந்தாப் போரும்."

பச்சை உடம்புக்காரி, பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டேன். பால் தேறினதும் கூட்டி வந்துவிடலாம் என்று வாத்துக்காரியும் நானும் கண்ணால் பேசிக்கொண்டோம். அன்று பொழுது சாயுமுன் நான் மூன்றாம் தடவையாக மல்லிகை வாங்கினேன். இந்தத் தடவை பிள்ளை உயிரோடு, குளத்துக்கு அந்தக் கரையில் இருந்தான். கட்டும்போது தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்லா இறுக்கு," என்றாள்.

அவன் தேறினான். கன்னம் வைத்தது. முதல் தடவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலம் உடம்பு கொதித்தது. தங்கச்சி எழுந்து, தன் கையாலேயே பிள்ளையை வாத்துக்காரியிடம் கொடுத்தாள். பல் முளைக்கிற சமயத்தில் மறுபடி கொண்டுவந்தோம். கண் சொருகி வலிப்பு வந்தது. பல் முளைக்கும்போது எந்தப் பிள்ளைக்கும் வரும், எனக்க பிள்ளைகளுக்கும் வந்தது என்று ஆயிரம் சொன்னேன்.

"இங்க வந்தப்பதானே வந்துது," என்றாள் தங்கச்சி.

ஞானஸ்நானத்துக்கு உபதேசியார் நாள் குறித்தபோது நான்தான் அவனைக் கையில் ஏந்தி நின்றேன். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தோம். அவள் பெண்கள் பாயில் கடைசியில் உட்கார்ந்து, மற்றப் பெண்களைப்போலவே எட்டிப் பார்த்தாள். கிறிஸ்மசுக்கு மலையிலிருந்து இறங்கி வந்த அவள் மாப்பிள்ளை, "எனக்க மகன் வாத்துக்கூட்டத்துலயா வளரணும்" என்று குளத்தைச் சுற்றி வேகமாக நடந்து போனார். பாதி வழியில் தங்கச்சி ஓடிப்போய்க் காலைப் பிடித்தாள். அவர் நல்ல மனுஷன். கரையிலேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவரும் இரண்டு குழி வெட்டியவர்தானே.

ஊரில் வைசூரி வந்தது. பேதி வந்தது. ஒவ்வொன்று வரும்போதும், "இந்த மழை போகட்டு," "இந்தக் கும்பப்பூ அறுப்பு முடியட்டு," என்பாள் தங்கச்சி. அவன் எங்கள் முற்றத்துக்கு வந்து விளையாடுவான். அவளை மாமி என்று கூப்பிடுவான். அப்படிச் சொல்லிக்கொடுத்தது அவளேதான். அவல் நனைத்துக் கொடுப்பாள். அவன் தின்று முடிக்கும் வரை வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். போன பிறகு அந்தக் கிண்ணத்தை உடனே கழுவமாட்டாள்.

ஓடி ஆடுகிற வயசு வந்ததும் வாத்துக்காரியே ஒரு பகலில் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினாள். அவளுக்குக் கண் வீங்கியிருந்தது.

"எக்கா, தவிட்டைத் தாங்க. இனியும் வச்சேன்னா எனக்குப் பிரிய ஒக்காது. இப்பமே ஒக்கல்ல."

தங்கச்சி உள்ளே போய் நாழி நிறையத் தவிடு கொண்டுவந்தாள். வழியெல்லாம் சிந்தியது. வாத்துக்காரி அதை மடியில் வாங்கிக்கொண்டு, அவனிடம் சொன்னாள்: "இது உனக்க அம்மை. நீ இனி இங்கதான்."

அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். அவள் நடக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

எங்கள் ஆடு ஒன்று அந்த வருஷம் குட்டி போட்டபோது, மழைக்குப் பயந்து நான் குட்டியை உடனே எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டேன். திரும்பக் கொண்டுபோய் விட்டால் ஆடு முட்டித் தள்ளியது. ஆடு குட்டியைக் கண்ணால் அறியாது, மூக்கால்தான் அறியும். பெற்ற உடனே நக்கி வாசம் பிடிக்காவிட்டால் அதற்கு அது யார் குட்டியோ. உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குட்டியின் முதுகில் தேய்த்து, ஆட்டைக் கட்டிப்போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கவைத்துச் சேர்த்தேன். தங்கச்சி கூட இருந்து பார்த்தாள். "ஆட்டுக்கு உப்பு இருக்கு," என்றாள். அவளுக்கு அவன் வாசம் தெரியும். தெரியவேண்டியது அவனுக்கு.

அவன் எங்கள் வீட்டில் தின்றான், தூங்கினான். அழக்கூட இல்லை சில நாட்களுக்குப் பிறகு. ஆனால் விடிந்ததும் குளத்தங்கரைக்குப் போய்விடுவான். வாத்துகளை அவன் கூப்பிட்டால் குளத்தின் நடுவிலிருந்து திரும்பி வரும். தங்கச்சியை மட்டும் மாமி என்றே கூப்பிட்டான். அம்மைன்னு சொல்லு மக்கா என்று நான் சொன்னால், "சரி பெரியம்ம," என்று எனக்கு முறையைச் சரியாகச் சொல்லிவிட்டு, அவளிடம் போய், "மாமி, பெரியம்ம என்னமோ சொல்லுதா," என்பான். அவள் சிரிப்பாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மாசியில் கும்பப்பூ அறுவடை முடிந்தால், சிந்தின நெல்லைத் தின்ன வாத்துக்கூட்டத்தை ஓட்டிக்கொண்டு அவர்கள் கிழக்கே நாஞ்சில்நாட்டு வயல்களுக்குப் போவார்கள். அந்த வருஷமும் கிளம்பினார்கள். வரப்பில் வாத்துகள் நீளமாகப் போக, கடைசியில் ஒரு கம்போடு அவன் போய்க்கொண்டிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. தங்கச்சியும் நானும் கரையில் நின்றோம். அவன் பேரைச் சொல்லி நான் கூப்பிடப்போனேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"கூப்பிடாத எக்கா. ஓடத் தெம்பு இருக்குல்லா அவனுக்கு. பாரு, எப்படிப் போறான்னு பாரு."

அன்று சாம்பக்கோழிகூடக் கரையில் நின்று கத்தியது. இவள் கத்தவில்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள், அவனும் வந்தான். கறுத்து, வளர்ந்து, நன்றாக இருந்தான். அதன் பிறகு வருஷா வருஷம் போனான். கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் வீட்டில் இருக்கிற நாட்கள் குறைந்து, கடைசியில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற பிள்ளையானான். வாத்துக்காரி எத்தனையோ தடவை கொண்டுவந்து விட்டாள். அவள்மேல் குற்றமில்லை. யார்மேலும் இல்லை. வேறு பிள்ளை தங்கச்சிக்கு உண்டாகவில்லை.

பிறகு அவள் மாப்பிள்ளை மலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். இனி யாருக்காகப் பயப்பட என்று போனாள். காய்ச்சலோடுதான் இறக்கிக் கொண்டுவந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் மருந்து கொயினா கொடுத்தார்கள். கேட்கவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் இருக்கான்லா?" என்று கேட்டாள். "இருக்கான் மக்கா," என்றேன். "அப்ப போரும்," என்றாள்.

மாசி மாதம் அது. அவன் கிழக்கே இருந்தான். ஆள் விட்டோம். வாத்துக்காரியும் அவனும் ஒரே நடையாக நடந்து, கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கால் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. முதல் மண் பிள்ளை போடவேண்டும் என்று உபதேசியார் சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். அவன் அசையவில்லை.

வாத்துக்காரி அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போ மக்கா. உனக்க அம்மைக்கு மண்ணு போடு."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பயந்துவிட்டான். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, ஆனால் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி கேட்டான்: "நீ இங்கதானே நிக்குத?"

நான்தான் போய் அவன் கையில் மண்ணை எடுத்துக் கொடுத்தேன். குழிக்குள் பார்த்துவிட்டு, "மாமிக்கா?" என்று என்னைக் கேட்டான். ஆமாம் என்றேன். மாமிக்கு என்றதும் அழுதுகொண்டே இரண்டு கையாலும் போட்டான்.